கடைசிக் கம்பத்துக் கிணறு

செஞ்சிக்கு வருகிறவர்கள் மலையைப் பார்க்க வருகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் கோத்த கோட்டை. 1677-இல் அது சிவாஜி கைக்கு வந்ததும், முகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் வருடக்கணக்கில் சுற்றி வளைத்துக் கிடந்து 1698-இல் பிடித்ததும், 1714-இல் தேசிங்கு ராஜா களத்தில் விழுந்ததும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. நான் இதே ஊரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவன். இந்த ஊரின் இன்னொரு வரலாறு மதிலுக்கு வெளியே, நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் கிணற்று நிலங்களில் கிடக்கிறது. வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்ற நான்கும் எங்கள் வரப்புக்கு வந்து சேர்ந்த வரலாறு அது. அதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. காயில் கட்டுகிறவன் எழுதினால்தான் உண்டு என்று எழுதுகிறேன்.

கணக்கு ஒரே வரிதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை. அது ஓமில் வரும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன். அது வாட்டில் வரும். மீட்டரில் இரண்டு எண்ணைப் படித்தால் கண்ணுக்குத் தெரியாத மற்ற இரண்டும் கைக்கு வந்துவிடும். பட்டறைக்கு வரும் பையன்களுக்கு நான் இதைக் கோட்டையை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். உள்ளே இருக்கும் கல்யாண மகாலுக்குச் சுமார் 500 மீட்டர் தள்ளியிருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண்குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். நீர்மட்டம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அந்தத் தள்ளு வோல்ட். குழாயில் ஓடுகிற தண்ணீர் ஆம்பியர். குழாயின் நீளமும் ஒடுக்கமும் காட்டுகிற மறுப்பு ஓம். வந்து விழுகிற தண்ணீர் செய்யக்கூடிய வேலை வாட். இதற்கு மேல் உவமை தேவைப்படாது. ஒரு முறை மலையடிவாரம் வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினால் போதும்.

இந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓம் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்கிறவர். பட்டறை வீட்டுப் பிள்ளை. கொலோன் நகரப் பள்ளியில் வாத்தியாராக இருந்துகொண்டு, தேவையான கருவிகளைப் பெரும்பாலும் தன் கையாலேயே செய்துகொண்டார். முதலில் அவர் பயன்படுத்திய மின்கலங்கள் நிலையாக நிற்கவில்லை. கம்பியை இணைத்த கணமே தள்ளு இறங்கியது. தள்ளும் அளவு நிலையில்லாவிட்டால் கம்பியின் குணத்தை அளப்பது எப்படி? பிறகு பிஸ்மத்தையும் செம்பையும் சேர்த்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, அதில் பிறக்கும் சிறிய ஆனால் அசையாத மின்னழுத்தத்தைப் பிடித்தார். வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளை அதில் மாட்டி, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். 1827-இல் புத்தகமாக வந்தது. பாராட்ட ஆளில்லை, வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் கொடுத்த பிறகே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. அதே சமயத்தில்தான் இங்கிலாந்தில் பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளையான ஜூல், நீர் நிறைந்த சாடிக்குள் கம்பிச்சுருளை வைத்து, அதில் பிறக்கும் சூடு ஆம்பியரின் இருமடிக்கும் தடைக்கும் ஏற்றபடி ஏறுகிறது என்று காட்டினார். ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. காயில் கருகி என் பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு மோட்டாரும் ஜூலின் கணக்கைச் சொல்லிக்கொண்டேதான் வருகிறது.

இந்தியாவில் இந்தக் கணக்கை முதலில் தினசரி வேலையாகச் செய்தவர்கள் தந்திக்காரர்கள். ஓஷாக்னசி 1839-இல் கல்கத்தாவில் சோதனைத் தந்திக் கம்பி இழுத்தார். 1850-களில் அது நாடெங்கும் பரவியது. நூறு மைல் கம்பியில் எங்கோ ஓரிடத்தில் பீங்கான் உடைந்து மின்சாரம் மண்ணில் இறங்கினால், அந்த இடத்தைத் தேடி ஆளை நடக்கவிட முடியுமா? ஒரு மைல் கம்பிக்கு இத்தனை ஓம் என்று தெரிந்தால், அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து, வகுத்து, கோளாறு எத்தனையாவது மைலில் என்று சொல்லிவிடலாம். இந்தியத் தந்தித் துறையில் இருந்த லூயி ஷ்வெண்ட்லர் இதற்காகவே கம்பிச் சோதனை முறைகளை விளக்கிப் பெரிய கையேடு எழுதினார். இந்த வேலைக்கு ஊருக்கு ஊர் வேறுபடாத ஓம் தேவைப்பட்டது. 1881-இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் ஆகியவற்றை உலகத்துக்குப் பொதுவாக்கியது. 1893-இல் சிகாகோவில், உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையில் 106.3 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத் தூணின் தடையே ஒரு ஓம் என்று வரையறுத்தார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கவலைதான் இறைத்தது. சாலும் வடக்கயிறும் ஒரு சோடி மாடும். சரிவில் மாடு இறங்கினால் சால் மேலே வரும், பின்னுக்கு ஏறினால் கிணற்றுக்குள் போகும். இந்த வேலையையும் எண்ணால் அளக்க முடியும் என்று மதராஸ் மாகாணத்தில் நினைத்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். கிண்டிப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்து பிறகு தொழில்துறையைப் பார்த்துக்கொண்டவர். 1900-களின் முதல் பத்தாண்டில் ஆயில் எஞ்சின் பம்புகளைக் கிணறுகளில் வைத்துப் பார்த்து, மாடு இறைப்பதையும் எஞ்சின் இறைப்பதையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட்டு எழுதினார். ஒரு சோடி மாடு நாள் முழுக்க இழுக்கும் வேலை ஒரு குதிரைத்திறனைத் தொடுவதே பெரிது. இன்றும் எங்கள் பக்கத்தில் கிணற்றின் தகுதியைச் சொல்வது அந்தக் குதிரைக் கணக்கில்தான்: “அஞ்சு எச்.பி. ஓடுது” என்பார்கள். ஒரு எச்.பி. 746 வாட். அஞ்சு எச்.பி. என்றால் 3,730 வாட்.

மின்சாரம் மெதுவாகத்தான் வந்தது. 1895-இல் மதராஸ் தெருவில் டிராம் ஓடியபோது கிராமத்துக்கு அது கதை. 1930-களில் பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கின. 1957 ஜூலை 1-ஆம் தேதி மதராஸ் மாநில மின்வாரியம் அமைந்தது. 1962-இல் எங்கள் தென்னாற்காடு மாவட்டத்திலேயே, நெய்வேலியில், பழுப்பு நிலக்கரி மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1950-களிலும் 60-களிலும் மதராஸ் மாநிலம் கிணற்றுக்குக் கம்பி இழுத்ததுபோல் நாட்டில் வேறெந்த மாநிலமும் இழுக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கிணறு அல்லது போர், ஒரு ஸ்டார்ட்டர், ஒரு மோட்டார்.

பட்டறையில் ஓமின் சட்டம் எங்கே வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 5 எச்.பி. மோட்டாரில் மூன்று ஃபேசுக்கு மூன்று காயில் தொகுதி. கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றுவதற்கு முன்னால் 12 வோல்ட் பேட்டரியை ஒவ்வொன்றுக்கும் கொடுத்து ஆம்பியர் பார்ப்போம். 3 ஆம்பியர் ஓடினால் 12-ஐ 3-ஆல் வகுத்து 4 ஓம். மூன்றும் 4 ஓம் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 4 ஆம்பியர் இழுத்தால் அங்கே 3 ஓம்தான் இருக்கிறது. சுற்று குறைந்திருக்கிறது, அல்லது எனாமல் உரிந்து சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கிறது. கண்ணால் பார்த்தால் மூன்று காயிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். எண்தான் காட்டிக்கொடுக்கும்.

கெட்டிக்காரப் பையனாக இருந்தால் இங்கே ஒரு கேள்வி கேட்பான்: “அண்ணே, 4 ஓம் காயிலுக்கு 415 வோல்ட் கொடுத்தா 100 ஆம்பியருக்கு மேல இழுக்கணுமே, ஏன் இழுக்கல?” இதைக் கேட்கிறவன் தொழிலில் நிலைப்பான். மாறுமின்சாரத்தில் காயிலின் காந்தம் மறு அழுத்தத்தை எழுப்பி, கொடுத்த வோல்ட்டில் பெரும்பகுதியை எதிர்த்து நிற்கிறது. மோட்டார் முழு வேகத்தில் சுற்றினால் ஒவ்வொரு காயிலும் சுமார் 4.5 ஆம்பியர்தான் எடுக்கும். வெளியிலிருந்து வரும் கம்பியில் சுமார் 8. ரோட்டர் நின்றுகொண்டிருந்தால் அந்த எதிர்ப்பு இளகிவிடும். ஆம்பியர் ஆறேழு மடங்கு எகிறும். பேரிங் பிடித்துக்கொண்ட மோட்டாருக்குப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் நடப்பது இதுதான்.

ஓடுகிற மோட்டாரின் வாட் கணக்குக்கு வெறும் பெருக்கல் போதாது. மும்முனை என்பதால் 1.732-ஆலும், பவர் ஃபேக்டர் என்கிற 0.8-ஆலும் பெருக்க வேண்டும். 1.732 × 415 × 8 × 0.8 என்றால் 4,600 வாட். தண்டில் வெளியே வருவது 3,730. மீதி 870 வாட் மோட்டாருக்குள்ளேயே சூடாகவும் உராய்வாகவும் காந்தச் சேதமாகவும் போகிறது. அதில் மூன்று காயிலின் பங்கை ஜூல் கணக்கில் பார்த்தால் 4.5 × 4.5 × 4, அதை மூன்றால் பெருக்கினால் சுமார் 240 வாட். வார்னிஷ் தாங்கும் சூடு அது.

இனி கடைசிக் கம்பத்துக்குப் போவோம். எங்கள் வட்டாரத்தின் வரலாறு அங்கேதான் நடந்தது. 11,000 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் இறங்கி 415 ஆகிறது; ஒரு ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 240. அங்கிருந்து அலுமினியக் கம்பி கழனிகளின் மேல் போகிறது. வீசல் என்று பெயருள்ள கம்பி ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 0.9 ஓம். ஒரு கிலோமீட்டர் தள்ளி எட்டுக் கிணறுகள், எட்டிலும் 5 எச்.பி. என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டெட்டு 64 ஆம்பியர். 64-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 58 வோல்ட். 240-ஆகப் புறப்பட்டது 182-ஆகச் சேர்கிறது; இரண்டு ஃபேசுக்கு இடையில் 415 இருக்க வேண்டிய இடத்தில் 315. கம்பியில் வீணாகும் வாட் 64 × 64 × 0.9, மூன்று கம்பிக்கும் சேர்த்து 11,000-க்கும் மேல். கிட்டத்தட்ட 15 எச்.பி. எட்டு மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிற வழியில், மூன்று மோட்டார் செய்யும் வேலை காக்கை உட்காரும் கம்பியில் சூடாகப் போய்விடுகிறது.

கதை அதோடு நிற்பதில்லை. குண்டு பல்பு வோல்ட் குறைந்தால் மங்கி எரிந்து ஆம்பியரையும் குறைத்துக்கொள்ளும். மோட்டார் அப்படியில்லை. கிணற்றின் ஆழம் குறையவில்லை, தண்ணீரின் எடை குறையவில்லை. அதே வேலையைச் செய்ய அது கூடுதல் ஆம்பியர் இழுக்கும். 415 வோல்ட் 300-ஆக இறங்கினால் காயிலில் 4.5 ஆம்பியர் 6.2 ஆகும். சூடு 240 வாட்டிலிருந்து 460-ஐத் தாண்டும். அதிகமாக இழுத்த ஆம்பியர் கம்பியில் இன்னும் வோல்ட்டை இறக்கும். இறங்கிய வோல்ட் இன்னும் ஆம்பியரை இழுக்க வைக்கும். எட்டாவது கிணற்றுக்காரரின் மோட்டார்தான் எப்போதும் முதலில் கருகும். அவர் அதிர்ஷ்டமில்லாதவர் என்று ஊர் பேசும். நான் அதை ஒத்துக்கொண்டதே கிடையாது. அவர் நிலம் டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு 0.9 ஓம் என்று ஒரு பெயர் இருக்கிறது.

1970-இல் விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்குச் சில பைசா கூட்டியதை எதிர்த்து, கோயம்புத்தூர்ப் பக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கிளம்பினார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தார்கள். பைசாவுக்காகவா என்று பட்டணத்தில் கேட்டவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். 4.6 கிலோவாட் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் 46 யூனிட். இரண்டு பைசா கூடினாலே நாளுக்கு 92 பைசா. பயிர்க்காலம் முழுக்க அது ஏறிக்கொண்டே போகும். கம்பியில் வீணாவது விவசாயியின் மீட்டரில் ஏறாது, மீட்டர் கிணற்றடியில் இருப்பதால். ஆனால் வோல்ட் குறைந்து மோட்டாருக்குள் கூடுதலாகப் பிறக்கும் சூடு அவர் கணக்கில்தான் ஏறும். தூரத்துக் கிணற்றுக்காரர் அதே தண்ணீருக்குக் கூடுதலாகக் கட்டினார்.

பிறகு 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990-களின் தொடக்கத்துக்குள் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. நான் அதை முழு மனதோடு ஆதரிப்பவன். மழையை மட்டும் நம்பிய மேட்டு நிலங்களில் நெல் விளைந்தது அதனால்தான். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் குவியும் நெல் மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆனால் மீட்டர் போனதும் எண்ணும் போய்விட்டது. யாரும் வாட் பார்ப்பதில்லை. மோட்டாரின் தட்டில் 5 என்று அடித்திருக்கும். உள்ளே ஸ்டாம்பிங் நீளமும் கம்பியின் கேஜும் 7.5 என்று சொல்லும். டாங் டெஸ்டரைக் கம்பியில் மாட்டினால் 8 ஆம்பியர் காட்ட வேண்டியது 12 காட்டும். இப்படி இரண்டு மோட்டார் இருந்தால், டிரான்ஸ்பார்மருக்குத் தெரியாமல் ஒன்பதாவது கிணறு ஒன்று அதே கம்பியில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

லோ வோல்டேஜுக்கு எங்கள் தொழிலே கண்டுபிடித்த வைத்தியமும் உண்டு. சுற்றைக் குறைத்து, கம்பியைத் தடியாக்கிக் கட்டுவது. 415-க்குக் கட்டும் காயிலை 320-க்கு ஏற்றபடி கட்டினால், வோல்ட் குறைந்த பகலிலும் மோட்டார் தெம்பாகச் சுற்றும். விவசாயிகள் இதைக் கேட்டு வாங்கினார்கள். பட்டறைகள் எல்லாம் கட்டிக் கொடுத்தன. சிக்கல் இரவில் வரும். பக்கத்துக் கிணறுகள் நின்று வோல்ட் 400-க்கு ஏறினதும், குறைந்த சுற்றுள்ள காயில் இரும்பில் தாங்காத அளவு காந்தத்தை எழுப்பும். மோட்டார் உறுமும், சும்மா சுற்றும்போதே கொதிக்கும். பகலில் பிழைத்தது இரவில் கருகும். என்னைக் கேட்டால், காயிலில் செய்யும் எந்த மாற்றமும் கம்பியின் தடையைக் குறைக்காது; நோய் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மும்முனை மின்சாரத்தை மணிக்கணக்கு வைத்து விட்ட காலத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டர் பெட்டிகள் வந்தன. மின்சாரம் வந்த கணமே எட்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பப் பார்க்கும். ஒவ்வொன்றும் ஆறு மடங்கு இழுத்தால் வோல்ட் அதலபாதாளத்துக்கு இறங்கும். ஒன்றும் கிளம்பாது, ஃப்யூஸ் போகும். பெட்டிக்குள் இருக்கும் டைமரைக் கிணற்றுக்குக் கிணறு சில விநாடி தள்ளி வைத்தால் போதும். அதைப் பேசி முடிவு செய்த பங்காளிகள் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

மெய்யான வைத்தியம் 11,000 வோல்ட்டைக் கிணற்றடி வரை கொண்டுபோவதுதான். பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று கிணறுகளுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர். அதே எட்டு மோட்டாருக்கான திறனை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடுவது 64 ஆம்பியர் அல்ல, 2.4 ஆம்பியர். 2.4 × 2.4 × 0.9, மூன்று கம்பிக்கு: 16 வாட். 11,000 வாட் சேதம் 16 வாட்டாகச் சுருங்குகிறது. இந்த முறை பல மாவட்டங்களில் பகுதி பகுதியாக வந்திருக்கிறது. வந்த இடத்தில் காயில் கட்டுகிறவனுக்கு வேலை குறையும். குறையட்டும்; எட்டாவது கிணற்றுக்காரர் வருடத்துக்கு ஒரு முறை காயிலுக்குச் செலவு செய்யாமல் இருந்தால் அதுவே எனக்குச் சந்தோஷம்.

மற்ற இடங்களில் இப்போது பையன்கள் புதிதாக ஒன்று செய்கிறார்கள். முன்பெல்லாம் மனுவில் “லோ வோல்டேஜ், ஆவன செய்ய வேண்டும்” என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது ஒருவன் டிரான்ஸ்பார்மருக்கு அருகில் உள்ள முதல் கிணற்று ஸ்டார்ட்டரில் மீட்டரோடு நிற்பான். இன்னொருவன் கடைசிக் கம்பத்துக் கிணற்றில். இருவர் காதிலும் செல்போன்.

“அங்க எவ்ளோடா?”

“எரநூத்தி நாப்பதுண்ணே. மூணு ஃபேசும் ஒண்ணுதான். அங்க?”

“ரெண்டு ஃபேசுல எரநூத்தி நாலு. நடு ஃபேசுல மட்டும் நூத்தித் தொண்ணூத்தாறு. ஆம்ப் நாப்பது.”

காகிதத்தில் கழித்து வகுத்தால் முடிந்தது. நல்ல கம்பிகளில் 36 வோல்ட்டை 40-ஆல் வகுத்து 0.9 ஓம், பட்டியலில் இருக்கும் அளவேதான். நடுக்கம்பியில் 44-ஐ 40-ஆல் வகுத்து 1.1. கம்பி ஒரே கம்பி, நீளமும் ஒரே நீளம். ஆக 0.2 ஓம் எங்கோ ஓர் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. 40 × 40 × 0.2 என்றால் அந்த ஒரே இடத்தில் 320 வாட் சூடு. இந்த எண்களை மனுவிலேயே எழுதிக் கொடுத்தார்கள். லைன்மேன் இருட்டியதும் கம்பிவழியே நடந்து, நடு ஃபேசில் சிவந்து கனிந்த ஜம்பரைக் கண்டுபிடித்தார். மறுநாள் லைனை நிறுத்தி, முறுக்கிக் கட்டியிருந்த பழைய கம்பியை வெட்டி, முனையைச் சுரண்டிப் புது பி.ஜி. கிளாம்ப் போட்டு இறுக்கினார். அன்று சாயங்காலம் கடைசிக் கிணற்றில் மூன்று ஃபேசும் 204 காட்டின.